அந்த மாமாவின் போனை எடுங்கள்

கேள்வி: என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1972-ல் தாயகம் திரும்பியவராக இங்கே வந்து, பந்தலூரில் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் “இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?” என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். தேங்காய் ரொட்டி சுட்டால் ஒன்றைத் தனியாக மூடி வைத்து, “இது அந்தக் கரைக்கு” என்பார். மறுநாள் காலையில் அதை யாருக்காவது கொடுத்துவிடுவார். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம்தான் கொடுப்பார்கள் என்று சமீபத்தில் ஒரு கட்டுரையில் படித்தேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. ரொட்டிக்கு என்ன அர்த்தம் என்று இனி யாரிடம் கேட்பேன்? அம்மாயியின் தங்கையும் அவர் குடும்பமும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அந்தத் தங்கையின் மகன், எனக்கு மாமா முறை, அவ்வப்போது வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார், பணம் கேட்பார்களோ என்று அம்மா எடுக்க வேண்டாம் என்கிறார். இந்தக் குற்ற உணர்ச்சி போக என்ன வழி?
– வங்கி ஊழியர், கோவை

பதில்: “இனி யாரிடம் கேட்பேன்” என்று எழுதிவிட்டு, யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களைப் பற்றி அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அது ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வரும். 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த தாத்தா, மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்த பாட்டி, அவர்கள் அடிக்கடி சொன்ன ஏதோ ஒரு பேச்சு, அது நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது, இப்போது கேட்க ஆள் இல்லை என்று எழுதுவார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கிறார்கள், அவர்களாகவே கூப்பிடவும் செய்கிறார்கள்.

அரைப்பேர் விஷயத்தைக் கட்டுரையில் படித்தீர்கள், சரி. அதை அங்கே எப்படிப் போடுவார்கள் என்று தெரியுமா? கொழுந்துச் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். சாக்குக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், மழை நாளாக இருந்தால் ஈரத்துக்கென்று இன்னும் கொஞ்சம் கழிப்பார்கள், கழித்தது போக மிஞ்சியது அன்றைக்கு வைத்த கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்தாலும் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர்தான். காலையிலிருந்து மலைச்சரிவில் அட்டைக்கடியோடு நின்றவளுக்குப் பாதி நாள்தான் வேலை செய்தாள் என்று கணக்கு. அதைத்தான் உங்கள் அம்மாயி உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார், நீ இன்றைக்குப் பட்ட பாட்டை வாத்தியார் ஒழுங்காக எழுதினாரா, இல்லை ஏமாற்றிவிட்டாரா என்று. கட்டுரையில் இதெல்லாம் இருந்ததோ என்னவோ, அம்மாயியின் தங்கை, உங்கள் சின்ன அம்மாயி வாயிலிருந்து இதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

ரொட்டிக்கு வருவோம். 1948-ல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டத்தால், தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற மலையகத்தில் லட்சக்கணக்கான தமிழர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக நின்றார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேருக்கு அங்கே குடியுரிமை, மீதி ஒன்றரை லட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து, 1974-ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கல்யாணமாகித் தனிக் குடும்பமான தங்கை ஒரு நாட்டுக்கு மனுப் போட்டிருப்பாள், அக்காள் இன்னொரு நாட்டுக்குப் போட்டிருப்பாள். ஒரே லயத்தில், அதாவது வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் இருந்தவர்கள் ஹட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, ஒருத்தி கோச்சியில் ஏறித் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரத்துக்கும் போக, மற்றவள் மலைக்குத் திரும்பி மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போயிருப்பாள். 1984-ல் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

தோட்டத்து வீடுகளில் ரொட்டிதான் சாப்பாடு, தொட்டுக்கொள்ள மிளகாய் இடித்த கட்டச் சம்பல் இருந்தால் போதும். அதில் ஒன்றை எடுத்து அந்தக் கரைக்கென்று வைத்தவர் யாரை நினைத்து வைத்திருப்பார்? உங்களுக்கு இது புரியவே இல்லை என்றால் நான் நம்ப மாட்டேன். புரிந்ததனால்தான் தூக்கம் போயிருக்கிறது.

இப்போது அந்தப் பணப் பேச்சு. அந்த மாமா ஒரு தடவையாவது பணம் கேட்டாரா? கடிதத்தில் அப்படி இல்லை. கேட்பார்களோ என்றுதான் இருக்கிறது. போனை எடுத்தால்தானே என்ன கேட்கிறார் என்று தெரியும்! அவர் எந்தெந்த மாதம் கூப்பிட்டிருக்கிறார் என்று இப்போதே பாருங்கள். அதில் 2022 இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வருடம் அங்கே கோதுமை மாவு விலை ஏழைகள் வாங்க முடியாத அளவுக்கு ஏறியது. ரொட்டியை நம்பி இருக்கிற வீட்டில் அது எப்படி இருந்திருக்கும்? தினச் சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடி 2021-ல்தான் அது கைக்கு வந்தது, அதற்கு மறுவருடமே அந்தக் காசுக்கு மதிப்பில்லாமல் போனது. அந்த நேரத்தில் பெரியம்மாவின் பேரப்பிள்ளையிடம் ஒருவர் உதவி கேட்டால் அது என்ன அவமானம்? கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். ரத்த உறவு என்றால் கேட்கலாம், நம்மால் முடிந்ததைக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் முடியவில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அடிக்கிற போனைக் கவிழ்த்து வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் அம்மாயி கையில் காசில்லாத நிலையிலும் ஒரு ரொட்டியை எடுத்து வைத்தார், மாதச் சம்பளம் வாங்குகிற நீங்கள் ஒரு வணக்கத்தைக்கூடத் தர யோசிக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன். 1972-ல் உங்கள் அம்மாவுக்கு என்ன வயது இருக்கும்? விவரம் தெரிந்த பெண்ணாகத்தான் கப்பல் ஏறியிருப்பார். அவருக்குச் சித்தியான உங்கள் சின்ன அம்மாயியின் இடுப்பில் இருந்தே வளர்ந்திருப்பார். அவருக்கா ரொட்டிக்கு அர்த்தம் தெரியாது? அங்கே கள்ளத்தோணி என்றார்கள், இங்கே வந்தால் சிலோன்காரி என்றார்கள், இரண்டையும் கேட்டு வளர்ந்தவர் அந்தக் கதவை ஒரேயடியாகச் சாத்திவிட்டால் போதும் என்று நினைத்திருக்கலாம். அவருடைய வலி எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்காகச் சித்தி இருக்கும்போதே இல்லாதவராக ஆக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா சொன்னார் என்று நீங்களும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் சின்னப் பிள்ளை இல்லை.

குற்ற உணர்ச்சி போக வழி கேட்டீர்கள். அதைப் பற்றி இப்போது பேச எனக்கு விருப்பமில்லை, முதலில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, நீங்களே கூப்பிடுங்கள். எடுத்த உடனே பாட்டியின் பேச்சு, அர்த்தம் என்று ஆரம்பிக்காதீர்கள். இத்தனை நாள் எடுக்காததற்கு மன்னிப்புக் கேளுங்கள், மாமாவிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள், அப்புறம் சின்ன அம்மாயியிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். முட்டி வலி, கண் ஆபரேஷன் என்று வயதானவர்கள் எதைச் சொன்னாலும் அவசரப்படாமல் கேளுங்கள். ரொட்டிக் கதையை நீங்கள் சொல்லுங்கள், அக்காள் உங்களுக்கென்று கடைசிவரை ஒன்று எடுத்து வைத்தார் என்று. இத்தனை வருடமாக இது அவருக்குத் தெரியாமலே இருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. பணம் கேட்டால் கடன் என்று பேசாமல் முடிந்ததை அனுப்புங்கள்.

உடம்புக்கு முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், கோவையிலிருந்து பந்தலூருக்குப் போகவே அதைவிட அதிகம் ஆகும். அம்மா வேண்டாம் என்று சண்டை போட்டால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.