பைபிளில் வரும் நோவாவின் கீழ்ப்படிதல் அவர் கதையில் எங்கே நன்றாகத் தெரிகிறது?

பேழை என்னும் பெரிய மரக்கப்பலைக் கட்டியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். சரிதான், வரும் என்று கடவுள் சொன்ன, கண்ணால் காணாத வெள்ளத்தை நம்பி, 300 முழ நீளத்துக்குக் கட்டி, உள்ளும் புறமும் கீல் (தார் போன்ற பூச்சு) பூசுவது லேசான வேலையில்லை.

ஆனால் என்னைக் கேட்டால், பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தண்ணீர் வடிந்ததா என்று அறிய நோவா கடைசியாக விட்ட புறா திரும்பவில்லை. முதல் மாதம் முதல் தேதி பேழையின் மேல்தட்டை எடுத்துப் பார்க்கிறார், தண்ணீர் வற்றிவிட்டது. அப்போதும் இறங்கவில்லை. இரண்டாம் மாதம் 27-ஆம் தேதி பூமி காய்ந்து, 'புறப்படு' என்று கர்த்தர் சொன்ன பிறகுதான் வெளியே கால் வைக்கிறார். ஏறக்குறைய எட்டு வாரம், அத்தனை மிருகங்களோடு, அந்த நாற்றத்தில்! நாமாக இருந்தால் அன்றைக்கே குதித்திருப்போம்.

இன்னொன்று: வெள்ளம் வடியும்வரை நோவா பேசியதாக ஒரு வார்த்தைகூட அந்தக் கதையில் இல்லை.