பட்டை ஏற்றும் முன்: மலை வண்டிகளின் கமான் பற்றிய கேள்வி பதில்

தாண்டிக்குடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப், ஜிப்சி, சின்ன பிக்கப் இவைதான் என்னிடம் அதிகம் வருகின்றன. கமான் பட்டை பற்றி எதுவும் கேளுங்கள். ஆக்சிலின் மேல் வண்டியைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டைகள் அவை, பலவற்றை அடுக்கிச் சேர்த்தால் ஒரு கட்டு. இன்ஜின், கியர்பாக்ஸ் கேள்விகளை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு விவசாயி: அண்ணே, என் பிக்கப்பின் பின்பக்கம் இறங்கிப் போச்சு. சௌசௌ மூட்டை ஏற்றினால் ஆக்சில் மேலே முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கிறது. ரெண்டு பட்டை கூடுதலாகப் போட்டுவிடலாமா?

தம்பி, முதலில் அளந்து பாருங்கள். வெறும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளவு எடுங்கள். அதே மாடலில் நல்ல நிலையில் இருக்கும் வண்டியோடு ஒப்பிடுங்கள். வெறுமையாக நிற்கும்போதே உயரம் குறைந்திருந்தால் உங்கள் பட்டை வளைவு இழந்துவிட்டது. களைத்துப்போன கட்டுக்குள் புதுப் பட்டை இரண்டைச் செருகினால் பாரம் முழுவதும் அந்த இரண்டின் மேல்தான் விழும். ஒரு மழைக்காலம் தாங்குவதே அதிகம். அப்படியானால் முழுக் கட்டையும் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

வெறும் வண்டி சரியான உயரத்தில் நின்று, பாரம் ஏற்றினால் மட்டும் இடிக்கிறது என்றால் அது வேறு கதை. எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கும் மொத்த எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு பட்டையைக் குறை சொல்ல முடியாது. பட்டை கூட்டினால் சட்டப்படி ஏற்றக்கூடிய எடை கூடாது. ஆக்சில், பேரிங், பிரேக் எல்லாம் பழையவைதானே?

தடிமன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. 6 மில்லி பட்டைக்குப் பதில் 7 மில்லி போட்டால் ஒரு மில்லிதானே என்று தோன்றும். பட்டையின் விறைப்பு தடிமனை மூன்று முறை போட்டுப் பெருக்கிய கணக்கில் ஏறும். 6 × 6 × 6 என்றால் 216, 7 × 7 × 7 என்றால் 343. கிட்டத்தட்ட 60 சதவீதம் விறைப்பு கூடிவிட்டது. ஐந்து பட்டைக் கட்டில் அதே தடிமனில் ஆறாவது ஒன்று சேர்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். கடைக்காரர் 'ஹெவி பட்டை' என்று எடுத்து நீட்டினால், காலிப்பர் வைத்துத் தடிமனைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நம் மலையில் ஒன்றை மறக்கக் கூடாது. பாரம் கீழே போகிறது, வண்டி பெரும்பாலும் வெறுமையாக மேலே வருகிறது. சௌசௌ, வாழை, காப்பி எல்லாம் வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ இறங்கும். திரும்பும்போது இரண்டு உர மூட்டை இருந்தால் பெரிது. பாரத்துக்கென்று கல் மாதிரி விறைப்பாக்கிய பின்பட்டை, வெறும் வண்டியில் அசையவே அசையாது. ஈரமான வளைவில் ஒரு குழியில் விழுந்தால் டயர் தரையை விட்டு எழும்பும், பின்பக்கம் வெளியே இழுக்கும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஹெல்பர் பட்டை. கட்டின் அடியில் நேராகக் கிடக்கும் ஒரு தடித்த பட்டை அது. பாரம் ஏறி மற்றவை இறங்கிய பிறகுதான் வேலை செய்யும், வெறும் வண்டியில் சும்மா இருக்கும்.

பெருமாள்மலையிலிருந்து: பட்டையை கேஸ் வைத்துச் சூடு பண்ணி வளைவு ஏற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர். பாதி விலை. செய்யலாமா?

வேண்டாம். கமான் பட்டைக்கு உயிரே அதன் பதம்தான். தொழிற்சாலையில் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் வைத்துக் கொண்டுவந்த பதம் அது. டார்ச் பட்ட இடத்தில் அது போய்விடும். ஒன்று அந்த இடம் மென்மையாகிப் படுத்துவிடும், அல்லது நொறுங்கும் தன்மை வந்து உடையும். சூடு இல்லாமல் சுத்தியலால் தட்டி வளைவு ஏற்றுகிற பழைய ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல கை என்றால் சில மாதம் நிற்கும். பட்டையின் மேல் வெல்டிங் பொறிகூடப் படக் கூடாது.

கொடைக்கானல், சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர்: மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் வைத்திருக்கிறேன். பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டு 2 இஞ்ச் தூக்க ஆசை. சுலபம் என்கிறார்கள்.

போல்ட் மாட்டுவது சுலபம்தான். ஷாக்கிளை 2 இஞ்ச் நீட்டினால் வண்டி ஏறக்குறைய 1 இஞ்ச்தான் உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே நகர்கிறது. அதோடு ஆக்சில் தன் கோணத்தில் சுழலும். முன்னால் காஸ்டர் கோணம், அதாவது ஸ்டியரிங் அச்சின் சாய்வு, மாறி ஸ்டியரிங் அலையும். பின்னால் பினியன் கோணம், அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட் ஆக்சிலில் சேரும் கோணம், மாறி ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ் சீக்கிரம் தேயும். உயரம் வேண்டுமென்றால் கூடுதல் வளைவுள்ள பட்டைக் கட்டு வாங்குங்கள், அதற்குத் தக்க நீளத்தில் ஷாக் அப்சார்பர் போடுங்கள், பிரேக் ஹோஸ் எட்டுகிறதா பாருங்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்குவதை முன்பக்கம் செய்யவே கூடாது. கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள், பயணிகளை ஏற்றும் வண்டிக்கு அந்த 2 இஞ்ச் எதற்கு?

கூக்காலிலிருந்து: என் பிக்கப்புக்கு எத்தனை பட்டை போடலாம்?

பண்ணைக்காட்டுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். எடை தெரியாமல் எண்ணிக்கை சொல்ல முடியாது.

பூம்பாறையிலிருந்து ஒரு பூண்டு விவசாயி: ஐயா, மழைக்கு முன்னால் பட்டைக்குக் கழிவு ஆயில் அடிப்பது எங்கள் வழக்கம். என் பையன் கூடாது என்கிறான். யார் சொல்வது சரி?

உங்கள் பையன். பட்டை முனையின் வளையத்தைக் கண் என்போம், அதற்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷை ஆயில் ஊறவைத்து உப்பச் செய்யும். மண்ணும் தூசியும் ஆயிலோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி பட்டையைத் தேய்க்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே துள்ளலைக் கொஞ்சம் அடக்குகிறது. அதை வழுக்க விட்டால் ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடும்.

மன்னவனூரிலிருந்து ஒருவர் குறுக்கிட்டு: அண்ணே, இதை ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் ஊர் மூடுபனியில் பட்டை இடுக்கு வருஷம் முழுக்க ஈரம். துருப் பிடித்த பட்டைதான் உடைகிறது. எங்கள் அப்பா 20 வருஷம் கழிவு ஆயில் அடித்து ஜீப் ஓட்டினார், ஒரு பட்டை உடையவில்லை.

துருவைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. துரு அரித்த சின்னப் பள்ளத்தில்தான் விரிசல் தொடங்கும். ஆனால் வெளியே அடிக்கும் ஆயில் அந்த இடுக்கின் நடுப்பகுதிக்கு எங்கே போகிறது? விளிம்பில் நின்று மண்ணைப் பிடிக்கிறது. உங்கள் அப்பா ஓட்டிய காலத்து ஜீப்பில் கண்ணுக்குள் என்ன புஷ் இருந்தது, எவ்வளவு பாரம் ஏற்றினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பூம்பாறைக்காரரின் மகன்: நானும் இதைத்தான் சொன்னேன், அப்பா கேட்கவில்லை.

மன்னவனூர்: தம்பி, நீ கீழ்நாட்டில் படித்துவிட்டுப் பேசுகிறாய். ஆயில் இல்லாத பட்டை கிரீச்சென்று ஊரையே எழுப்பும். அதற்கு என்ன வழி?

நியாயமான கேள்வி, மகன் மேல் கோபம் வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், கட்டைக் கழற்றுங்கள். பட்டை பட்டையாகக் கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுங்கள், விரிசல் பாருங்கள், கிராஃபைட் கலந்த பூச்சைப் பூசி உலரவைத்துக் கட்டுங்கள். பட்டை முனைகளில் பிளாஸ்டிக் லைனர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். சத்தம் நிற்கும், துருவும் அடங்கும், மண்ணும் ஒட்டாது. ஒரு நாள் வேலைதான். கழற்றவே மாட்டேன் என்கிறவருக்கு ஆயில் ஒரு மனத்திருப்தி, அவ்வளவுதான் நான் சொல்வேன். புஷ்ஷில் மட்டும் ஒரு சொட்டும் பட வேண்டாம்.

தாண்டிக்குடி பக்கத்திலிருந்து: புது பட்டை போட்டு மூன்றே மாதத்தில் சென்டர் போல்ட் அறுந்தது. மட்டமான போல்ட்டா?

பட்டைக் கட்டையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் U வடிவ யூ போல்ட் தளர்ந்திருக்கும். ஆக்சிலைப் பிடித்து வைப்பது யூ போல்ட்டின் இறுக்கம்தான். நடு ஓட்டையில் பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட், ஆக்சில் உட்காரும் இடத்தைக் காட்டுவதற்குத்தான். இறுக்கம் போனால் பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் அந்தச் சின்னப் போல்ட்டின் மேல் விழும். அதற்கும் தப்பினால் ஓட்டை இருக்கும் இடத்தில் பட்டையே உடையும்.

தொழிலுக்கு வந்த புதிதில் பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டேன். பெரும்பாறை இறக்கத்தில் அந்த வண்டியின் பின் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, டயர் பாடியில் உரசி நின்றது. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, இன்றும் மறக்கவில்லை. ஒருமுறை இழுத்து இறுக்கிய யூ போல்ட்டில் பழைய பிடி இருக்காது. பட்டையைத் தொட்டால் யூ போல்ட்டும் நட்டும் புதிது. குறுக்கு மறுக்காக, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து, கம்பெனி புத்தகத்தில் உள்ள அளவுக்கு. முதல் பாரம் இறக்கி வந்ததும் ஒருமுறை, 500 கிலோமீட்டருக்குள் இன்னொருமுறை.

அப்புறம் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

பாச்சலூரிலிருந்து: ரெண்டு பட்டை எக்ஸ்ட்ரா போடலாமா அண்ணே?

இந்தக் கேள்வி மூன்றாம் முறை வருகிறது. மேலே முதல் பதில்.

கொடைக்கானலிலிருந்து: 2020-க்குப் பின் வந்த மஹிந்திரா தார் ஜீப்புக்கு என்ன பட்டை நல்லது?

அதில் பட்டையே இல்லை, நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். வேறு ஆளைக் கேளுங்கள்.

பண்ணைக்காட்டுக்காரர் மறுபடியும்: முழுக் கட்டும் மாற்றிவிட்டேன், ஒரு இஞ்ச் உயரமாகவே நிற்கிறது. இறக்கத்தில் முன்பிரேக் மட்டும் பிடிப்பது மாதிரி இருக்கிறதே?

நல்லவேளை கேட்டீர்கள். பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கம்பி இணைத்த ஒரு பிரேக் வால்வு இருக்கிறதா பாருங்கள். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து அது பாரத்தைக் கணிக்கிறது. தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். இப்போது நிறைபாரம் ஏற்றினாலும் வண்டி முன்பு மாதிரித் தாழவில்லை, அதனால் வால்வு இது வெறும் வண்டி என்று நினைக்கிறது. சித்தரேவு வரை இறங்குவதற்குள் முன்பிரேக் காய்ந்து பிடிப்பு விட்டுப்போகும். கம்பியின் அளவைப் புது உயரத்துக்குச் சரிசெய்யும் வரை பாரம் ஏற்றாதீர்கள். நாளைக்கே கொண்டுவாருங்கள்.

கே.சி.பட்டியிலிருந்து ஒரு அக்கா: வண்டி இறங்குவதற்கு முன்னால் பட்டை உடைந்திருக்கிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது? வீட்டுக்காரர் ஊரில் இல்லை, டிரைவர் புதுப் பையன்.

முதலில் பின்னால் தள்ளி நின்று பாருங்கள் அக்கா, வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று. அப்புறம் டார்ச் அடித்து ஒவ்வொரு பட்டையின் விளிம்பையும் யூ போல்ட் பக்கத்திலும் இரண்டு முனையிலும் பாருங்கள். குறுக்கே கோடு தெரிந்தால் விரிசல். பளபளப்பாக இருந்தால் புதிது, பழுப்பாக இருந்தால் கொஞ்ச நாளாகவே இருக்கிறது. யூ போல்ட் நட்டைச் சுற்றித் துருப்பொடி கசிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது. அடியில் உள்ள சின்னப் பட்டை உடைந்திருந்தால் மூட்டையை இறக்கிவிட்டு மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிவரலாம். மேலே இரண்டு முனையிலும் கண் இருக்கும் மெயின் பட்டையில் கோடு தெரிந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம், ஆள் அனுப்புங்கள், நான் அங்கே வருகிறேன்.