காடு ஆறு இரவு, தீவு ஐந்து இரவு

பயணம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஜாம்பியாவின் சிபாட்டா ஊரில் ஒன்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து இந்த வருடம் ஓய்வு பெற்றேன். கணவருக்கு வயது 63. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, செலவைப் பார்க்காமல், ஆப்பிரிக்கக் காட்டைப் பார்த்துவிட்டு ஏதாவது ஏரித் தீவில் சில நாள் சும்மா இருந்துவிட்டு வர ஆசை. டிராவல் ஏஜென்ட் பத்து நாள் திட்டம் கொடுத்திருக்கிறார். மசாய் மாரா இரண்டு இரவு, செரெங்கெட்டி இரண்டு, விக்டோரியா அருவி ஒன்று, மலாவி ஏரித் தீவு இரண்டு, மீதி பயணம். ஒத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ‘சும்மா இருந்துவிட்டு வர ஆசை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தில் சும்மா இருக்க ஒரு அரை நாள்கூட இல்லை. பத்து நாளில் நாலு நாடு என்றால் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது விமான நிலையங்களைத்தான்.

என்னைக் கேட்டால் ஒரே காடு, ஒரே தீவு. காடு, ஜாம்பியாவின் தென் லுவாங்வா. தீவு, மலாவி ஏரியில் இருக்கும் லிக்கோமா. இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாடு. முதலில் காடு, அப்புறம்தான் தீவு. காட்டில் தினமும் விடியும் முன் எழ வேண்டும், அதற்குப் பிறகு ஏரிக்கரையில் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் அந்த உட்காருதலுக்கு ருசி. மாற்றிப் போனவர்கள் காட்டில் தூங்கி வழிவதைப் பார்த்திருக்கிறேன்.

லுவாங்வாவைச் சொல்வது, நான் அங்கே இருந்தவன் என்பதால் மட்டும் இல்லை. அது 9,050 சதுர கிலோமீட்டர் காடு. நடுவே ஓடும் லுவாங்வா ஆறு மழைக்கு மழை தன் பாதையை மாற்றிக்கொள்ளும். பழைய பாதை வளைந்த குளமாக நின்றுவிடும். கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகு யானை, காட்டெருமை, பூக்கு மான் எல்லாம் அந்தக் குளங்களுக்கும் ஆற்றுக்கும் வந்து சேரும். அவற்றின் பின்னால் சிங்கம் வரும். சிறுத்தைக்குப் பேர் போன காடு இது. இங்கே மாலை இருட்டிய பிறகும் விளக்கு அடித்துக்கொண்டு வண்டியில் போக அனுமதி உண்டு, சிறுத்தை வேட்டைக்குக் கிளம்பும் நேரம் அதுதான். தார்னிகிராஃப்ட் ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு வகை, உலகத்திலேயே இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும்தான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், நடந்து காடு பார்க்கும் வழக்கத்தை நார்மன் கார் என்பவர் வளர்த்தெடுத்தது இங்கேதான். துப்பாக்கியோடு ஒரு வனக் காவலர் முன்னால், அவருக்குப் பின்னால் வழிகாட்டி, பிறகு நாம் வரிசையாக. பேச்சு கிடையாது. வண்டியில் இருக்கும்போது யானை ஒரு காட்சி. தரையில் நிற்கும்போது அதன் காதசைவுகூட நம் வயிற்றில் தெரியும். வழிகாட்டி ஒரு சாணத்தைக் குச்சியால் பிளந்து, என்ன தின்றது, எவ்வளவு நேரத்துக்கு முன் போனது என்று சொல்வார். அந்தக் காலையை நான் ஐந்து சிங்கத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். உங்கள் கணவருக்கு 63 என்று தயங்க வேண்டாம். தரை சமம், நடை மெதுவு. ‘பங்கோனோ பங்கோனோ’ என்பார்கள் அந்த ஊர் மொழியில், கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம்.

ஆகவே காட்டில் ஆறு இரவு. முதல் மூன்று, காட்டின் வாசலில் இருக்கும் முஃபுவே ஊர்ப் பக்கம் ஆற்றங்கரை லாட்ஜில். அடுத்த மூன்று காட்டுக்குள்ளே தள்ளி, ஐந்தாறு குடில் மட்டும் உள்ள சிறு முகாமில், நடைக்காகவே. பிறகு ஒரு நாள் பயணம். அப்புறம் லிக்கோமாவில் ஐந்து இரவு. போக வர எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பத்து நாள்தான் முடியும் என்றால் இரண்டு பக்கமும் குறையுங்கள், மூன்றாவது இடத்தைச் சேர்க்காதீர்கள்.

மாதம் செப்டம்பர் நடு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏரியில் ‘ம்வேரா’ என்ற தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், படகு ஆடும். அக்டோபரில் விலங்கு நிறையத் தெரியும், ஆனால் லுவாங்வா வெயில் 40 டிகிரியைத் தொடும். நவம்பரில் மழை பிடித்தால் பல முகாம்களை மூடிவிடுவார்கள். செப்டம்பரில் இன்னொரு காட்சியும் சேரும். செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் கூட்டமாக வந்து ஆற்றின் மண்கரையில் வளை தோண்டிக் கூடு வைக்கும். கரையே குங்குமம் அப்பியது மாதிரி இருக்கும்.

காண்டாமிருகம் பார்க்க வேண்டும் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் சிபாட்டாவில் இருந்த எண்பதுகளில் கள்ள வேட்டையில் அது அழிந்துகொண்டிருந்தது. தென் லுவாங்வாவில் இன்று ஒன்றுகூட இல்லை. வட லுவாங்வாவில் 2003-லிருந்து மறுபடி கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

கேள்வி: நல்ல முகாம் என்றால் ஒரு இரவுக்கு எவ்வளவு ஆகும்? ‘லக்ஸரி’ என்று போட்டிருக்கும் எல்லாமே ஒன்றுதானா? பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு செலவு செய்ய விரும்புகிறேன்.
- ஒரு வாசகர், கோவை

பதில்: நியாயமான கேள்வி. லுவாங்வாவில் நல்ல முகாமுக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு சுமார் 600 டாலரிலிருந்து ஆரம்பிக்கும், ஆயிரத்தைத் தாண்டியும் போகும். அதில் பொதுவாக மூன்று வேளைச் சாப்பாடு, காலை மாலை இரண்டு சுற்று, வழிகாட்டி, துணி துவைப்பு எல்லாம் அடக்கம். பூங்காக் கட்டணம் அடக்கமா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணத்தை எதற்குக் கொடுக்கிறோம்? தனி நீச்சல் தொட்டிக்கு என்றால் எனக்கு மனசு ஒப்பாது. வழிகாட்டிக்குக் கொடுங்கள். ஒரு வண்டியில் எத்தனை பேர், ஒரே வழிகாட்டி எல்லா நாளும் கூட வருவாரா, அவர் அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். லுவாங்வா வழிகாட்டிகள் கடுமையான தேர்வு எழுதி வருகிறவர்கள். சுற்று ஊர்ப் பிள்ளைகள் பலர். என்னிடம் கணக்கில் திணறிய ஒரு பையன் பிற்பாடு வழிகாட்டியானான். என்னை அழைத்துப்போய், புல் வளைந்திருக்கும் கோணத்தை வைத்து நீர்யானை எந்த நேரம் கடந்தது என்று சொன்னான். நான் அவனுக்குக் கொடுத்த மதிப்பெண்களை நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. முகாமில் ‘டிப்ஸ்’ கொடுக்கும்போது வழிகாட்டிக்கு நாளொன்றுக்கு விருந்தினர் ஒருவர் கணக்கில் 10 டாலர் அளவு வையுங்கள். சமையல்கட்டுக்கும் துணி துவைப்பவருக்கும் பொது டப்பா இருக்கும், அதை மறக்க வேண்டாம். பழைய, கசங்கிய, கிழிந்த டாலர் நோட்டு அங்கே செல்லாது.

துணி என்றதும் ஒன்று. உள்ளாடைகளைப் பல முகாம்களில் துவைக்க மாட்டார்கள், சோப்புத்தூள் வைத்திருப்பார்கள். மற்ற எல்லாத் துணியும் கரி இஸ்திரி போட்டுத்தான் வரும். ஈரத் துணியில் முட்டையிடும் ஒரு ஈ இருக்கிறது, சூட்டில்தான் அந்த முட்டை சாகும். நீங்களே துவைத்தால் வெளியே கொடியில் போட்டு அப்படியே உடுத்தாதீர்கள். கருநீலம், கறுப்பு உடுப்பும் வேண்டாம், செட்சி ஈ தேடி வந்து கடிக்கும். மண் நிறம் போதும்.

பெட்டி விஷயத்தில் என் அனுபவத்தையும் கேளுங்கள். சிறிய விமானங்களில் பொதுவாக 15 கிலோதான், அதுவும் வளையக்கூடிய துணிப்பை. என் மனைவி கொண்டுவந்த கெட்டிப் பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் நுழையவில்லை. அங்கேயே நின்று இரண்டு சாக்குப் பையில் சாமான்களை மாற்றிக் கட்டினோம். முன்பதிவு செய்த ஏஜென்ட் அதை ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. அங்கே பட்டினிதானா? மாத்திரை, ஊசி பற்றியும் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பட்டினி இல்லவே இல்லை. அந்த ஊர்ச் சாப்பாடு ‘ன்சிமா’. மக்காச்சோள மாவுக் களி. நம் கேழ்வரகுக் களியைக் கையால் பிட்டு உருட்டிக் குழம்பில் தோய்க்கிற அதே கை, அதே உருட்டு. தொட்டுக்கொள்ள பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டு வேகவைத்த கீரை, பீன்ஸ் கறி. விருந்தினர் மேஜைக்கு அது வராமல் போகலாம், நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் சமையல்காரர் முகம் மலர்வதைப் பாருங்கள். ஆனால் காட்டு முகாமுக்குக் காய்கறி லாரியில் மொத்தமாக வருவது. ஆகவே ஒரு மாதம் முன்பே, ‘மீன் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி வேகவைத்த நீரில் செய்த சூப்பும் இல்லை’ என்று தனித்தனியாக எழுதுங்கள். வெறும் ‘சைவம்’ என்று எழுதினால் மீன் வந்து நிற்கும். பருப்புப் பொடி ஒரு பொட்டலம் எப்போதும் கையில் இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். இரண்டு இடத்திலும் மலேரியா உண்டு. போகும் முன் ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை மாத்திரையை முடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று பாதியில் நிறுத்தியவர்கள் காய்ச்சலில் படுத்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போனதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி நீங்கள் போகும் வழியைப் பொறுத்தது. கென்யா, எதியோப்பியா போன்ற நாடுகளில் தங்கி வந்தால் இந்தியா சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை யோசித்துத்தான் போடுவார்கள். திருச்சி அம்மாவும் இதைக் கவனிக்க வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டு மருத்துவரிடம் போகாமல், மருத்துவரைப் பார்த்துவிட்டு வழியைத் தீர்மானியுங்கள். அவசரத்துக்கு விமானத்தில் தூக்கிக்கொண்டு போகும் செலவையும் ஏற்கிற காப்பீடு இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: லிக்கோமாவில் ஐந்து நாள் என்ன செய்வது? போரடிக்காதா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தம்பி, ஐந்து நாள் போதவில்லை என்று எழுதப்போகிறீர்கள்.

லிக்கோமா சுமார் 18 சதுர கிலோமீட்டர் தீவு. மலாவி நாட்டுக்குச் சொந்தம், ஆனால் மொசாம்பிக் கரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. காலையில் சூரியன் மொசாம்பிக் மலைமேல் எழும். மலாவித் தலைநகர் லிலோங்வேயிலிருந்து சிறு விமானத்தில் போகலாம். பொறுமை இருந்தால் 1951-ல் ஏரியில் விட்ட ‘இலாலா’ கப்பல் இருக்கிறது, அது ஓடும் நாளா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். தீவின் தெற்கில் ‘காயா மாவா’ என்று ஒரு பேர்பெற்ற தங்குமிடம். ‘ஒருவேளை நாளைக்கு’ என்று அர்த்தம். அந்தத் தீவுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஏரி கண்ணாடி. சென்னை கொளத்தூர் மீன் கடைத் தொட்டிகளில் நீலமும் மஞ்சளுமாகப் பார்க்கும் சிக்லிட் மீன்களின் சொந்த ஊர் இது. பாறையைச் சுற்றி முகமூடி போட்டு மிதந்தால் போதும். தாய் மீன் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதைப் பார்க்கலாம். நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு இந்த ஏரியில் உண்டு, அதனால் கோரை மண்டிய தேங்கிய கரையில் இறங்காதீர்கள். எங்கே இறங்கியிருந்தாலும், ஊர் திரும்பி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புழு இருப்பது தெரிந்தாலும் பிரசிகுவான்டல் மாத்திரையில் தீர்ந்துவிடும். இதற்குப் பயந்து ஏரியில் இறங்காமல் வந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும்.

கரையில் நாணல் தட்டிகளில் ‘உசிபா’ காயப்போட்டிருப்பார்கள். விரல் நீள வெள்ளி மீன். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் நெத்திலிக் கருவாடு காயும் நம்மூர் கடற்கரைதான். ஊருக்குள் கொழுத்த பெருக்க மரங்கள் நிற்கும், ராமநாதபுரம், மன்னார் பக்கம் பார்த்திருப்பீர்கள். சில நாள் தூரத்தில் ஏரிமேல் புகைத் தூண் எழும். தீ இல்லை, ஏரிப் பூச்சிக் கூட்டம். அவற்றைப் பிடித்து அடை மாதிரித் தட்டித் தின்பார்கள்.

ஒரு சாயங்காலத்தை ‘பாவோ’வுக்கு வையுங்கள். மர நிழலில் பெரியவர்கள் குழி வெட்டிய பலகையோடு உட்கார்ந்திருப்பார்கள். நம் பல்லாங்குழிக்குச் சொந்தக்கார ஆட்டம். நமக்கு இரண்டு வரிசையில் பதினாலு குழி, அவர்களுக்கு நாலு வரிசையில் முப்பத்திரண்டு, காய் அறுபத்து நாலு. நான் கணக்கு வாத்தியார், எங்கள் பாட்டியிடம் பல்லாங்குழி கற்றவன். அந்தத் தீவில் ஒரு தாத்தாவிடம் ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்றேன். ‘முலி ப்வான்ஜி’ என்று நலம் விசாரித்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அவரே காயைக் கையில் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கும்படி நாளைக் கணக்கிடுங்கள். இவ்வளவு சின்னத் தீவில், பிரம்மாண்டமான புனித பேதுரு பேராலயம் நிற்கிறது. 1903-ல் கட்ட ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் ஒரு சிலுவையை, ஆப்பிரிக்காவைச் சுற்றி ஆராய்ந்த பாதிரியார் லிவிங்ஸ்டன் இறந்தபோது அவர் இதயத்தைப் புதைத்த சிதாம்போ ஊர் மரத்திலிருந்து செதுக்கியதாகச் சொல்கிறார்கள். சிதாம்போ நீங்கள் காடு பார்த்துவிட்டு வரும் அதே ஜாம்பியாவில் இருக்கிறது. வழிபாடு ஆரம்பிக்கும் முன்பே போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் பெண்கள் முதல் குரலை எடுப்பார்கள், ஆண்கள் கீழிருந்து சேர்ந்துகொள்வார்கள். முடிந்து வெளியே வரும்போது எல்லோரும் கைகொடுப்பார்கள். ‘ஜிகோமோ’ என்று சொல்லுங்கள், நன்றி என்று அர்த்தம்.