தானம் சரி, எஸ்டேட் எங்கே?

கேள்வி: அழகப்பச் செட்டியார் தம் எஸ்டேட்டைத் தானமாகக் கொடுத்துத்தான் காரைக்குடியில் செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் பல்கலைக்கழகமும் வந்தனவாமே? (ஒரு வாசகர், மேலூர்)

பதில்: தானம் உண்மை. எஸ்டேட்தான் இடிக்கிறது. எஸ்டேட் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு மேகமலை ஞாபகம் வரும். தேயிலை, பனி, சரிவில் ஒரு பங்களா. மேலூர்க்காரர் நீங்கள், திருப்பத்தூர் தாண்டிப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே எதைப் பார்த்தீர்கள்? செம்மண், செம்புறாங்கல், முள்ளுச்செடி. காரைச் செடி மண்டிக் கிடந்ததால்தான் காரைக்குடி என்றே பெயர் என்பார்கள். காய்க்கிற தோப்பைக் கொடுத்தால் வாங்குகிறவன் மறுநாளே பறித்துக்கொள்ளலாம். பொட்டலைக் கொடுக்கிறவர் கூடவே பணமும் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்தார். செக்ரிக்கு 300 ஏக்கர், அதோடு 15 லட்சம் ரூபாய். எல்லாரும் ஏக்கரைச் சொல்கிறார்கள், அந்த 15 லட்சத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரமே வருகிறது.

செக்ரிக்கு 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பல்கலைக்கழகம் வேறு கதை: 1947-ல் செட்டியார் தொடங்கிய கல்லூரியிலிருந்து கிளைத்து வளர்ந்து, 1985-ல் பல்கலைக்கழகமானது. செக்ரியோ மத்திய அரசின் ஆய்வகம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள்.

அப்புறம், ‘செக்ரி’ என்ற சுருக்கப் பெயர். இதை எதிர்த்து எழுதி நான் வாங்கிக்கட்டிக்கொண்டது போதாதென்று மறுபடியும் சொல்கிறேன்: மின்வேதியியல் ஆய்வகம் என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பாதி விளங்கும். மீதியை விளக்கத் துரு போதும்; இரும்பு துருப்பிடிப்பதும் மின்வேதியியல்தான். மண்டபம் கடற்கரையில் செக்ரிக்காரர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. உலோகத் தகடுகளைச் சட்டத்தில் மாட்டி உப்புக்காற்றுக்கு முகம் காட்டி நிறுத்துகிறார்கள். மாதங்கள் கழித்து எடுத்து, துருவைச் சுரண்டிக் கழுவி, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறார்கள். பாலத்துக்கும் கப்பலுக்கும் எந்தப் பூச்சு தாங்கும் என்பது அந்தத் தராசில்தான் தெரிகிறது. நம் மொட்டைமாடிக் கம்பியைத் தின்கிற அதே துருதான்.

செட்டியார் 1957-ல், 48 வயது நிறையும் முன்பே போய்விட்டார். அதற்குள் கோட்டையூரில் தாம் குடியிருந்த மாளிகையையும் பெண்கள் கல்லூரிக்கென்று கொடுத்துவிட்டிருந்தார். எஸ்டேட் என்று சொல்லியே தீர வேண்டுமென்றால், அந்த வீட்டைச் சொல்லுங்கள்.