வாசகர் கேள்வி: நூறு மைக்ரான் வாய்க்காலில் ஒளியின் பாதை

கேள்வி: நான் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. திட்டப்பணிக்காக 100 மைக்ரான் (0.1 மி.மீ.) ஆழமுள்ள நுண்வாய்க்கால் ஒன்றை பிடிஎம்எஸ் என்னும் சிலிக்கோன் ரப்பரில் வார்த்தோம். 1 செ.மீ. குவெட்டில் (ஒளியளவீட்டுக்கான சிறு கண்ணாடிக் கலத்தில்) உட்கவர் அளவு, அதாவது கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதைக் காட்டும் எண், 0.5 என்று காட்டிய சாயக் கரைசல், வாய்க்காலுக்குள் சென்றதும் வெறும் தண்ணீரைப் போலவே காட்டுகிறது. அடுத்து இதிலேயே இரத்த அணுக்களையும் எண்ண விரும்புகிறோம். வடிவமைப்பில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: கரைசலிலோ உணரியிலோ குறை தேட வேண்டியதில்லை. பீர்-லாம்பர்ட் விதிப்படி, உட்கவர் அளவு என்பது கரைசலுக்குள் ஒளி கடக்கும் தொலைவுக்கு நேர்விகிதத்தில் அமையும். அத்தொலைவு நூறில் ஒரு பங்காகிவிட்டதால் உங்கள் 0.5 இப்போது 0.005, குவெட்டில் ஒளியின் 68 விழுக்காட்டை விழுங்கிய சாயம், வாய்க்காலில் ஏறத்தாழ 1 விழுக்காட்டைத்தான் விழுங்குகிறது. விளக்கின் சிறு நடுக்கமே அதை மறைத்துவிடப் போதும்.

ஆகவே ஒளியை வாய்க்காலின் குறுக்கே விடாமல் நீளவாட்டில் செலுத்துங்கள். இரு முனைகளிலும் மடங்கி, நடுவே 5 மி.மீ. நேராக ஓடும் பகுதியின் ஒரு முனையில் ஒளியிழையையும் மறுமுனையில் உணரியையும் பொருத்தினால், அளவு 0.25 வரை உயரலாம். ஆனால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, பிடிஎம்எஸ்ஸின் எண் 1.41, சுவரின் எண் கூடுதல் என்பதால் முழு அக எதிரொளிப்பு நிகழாமல் ஒளி சுவருக்குள் கசியும். கரைசலைத் தொடாமலே உணரியை அடையும் அந்த ஒளி, அளவீட்டைக் குறைத்துக் காட்டும். வாய்க்காலின் இரு மருங்கிலும் தனிப் பள்ளங்கள் வார்த்து, அவற்றில் கறுப்பு மையை நிரப்பினால் இக்கசிவைப் பெருமளவு தடுக்கலாம்.

அணுக்களை எண்ணுவது வேறு கணக்கு. சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 8 மைக்ரான் என்பதால் வாய்க்காலையே 10 மைக்ரானாகக் குறுக்கத் தோன்றும். குறுக்கினால் அடைத்துக்கொள்ளும், அகலமாக விட்டாலோ அணுக்கள் குவியத்துக்கு வெளியே ஓடும். இச்சிக்கலுக்கு 1953-இல் கிராஸ்லாண்ட்-டெய்லர் என்னும் ஆய்வாளர் கண்ட வழி இன்றும் பயன்படுகிறது: அகன்ற ஓட்டத்தின் நடுவே அணுக்களை மெல்லிய இழையாக விடுவது. 100 மைக்ரான் அகலத்தில் விநாடிக்கு 1 மி.மீ. வேகத்தில் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எந்த அளவுக்குச் சுழலும் என்பதைக் காட்டும் எண்) 0.1 அளவுதான் என்பதால், ஓட்டங்கள் சுழன்று கலக்காமல் வரிச்சீராகவே செல்லும். இழையைச் சூழ்ந்து வரும் பக்க ஓட்டத்துக்கு, இரத்தத்துக்கு இணையான செறிவுள்ள உப்புக் கரைசலையே விடுங்கள். தூய நீரை விட்டால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும், எண்ண எதுவும் மிஞ்சாது.

பக்கத்துக்கு ஒன்றாக வரும் இரு வாய்க்கால்கள் இழையை அகலத்தில் மட்டுமே நெருக்கும். ஆழத்தில் அணுக்கள் மேலும் கீழுமாகவே ஓடும். சிதறொளியையோ சாயமேற்றிய அணுக்கள் ஒளிபட்டதும் தாமே வெளியிடும் உடனொளிர்வையோ அளக்கும்போது இருண்ட பின்னணியில் எழும் மினுக்கையே பார்க்கிறோம் என்பதால், இங்கே ஆழத்தை 30 மைக்ரானாகக் குறைப்பதில் இழப்பில்லை. ஒரே வாய்க்காலில் இரு வேலைகளையும் பார்க்க நினைக்காமல் இரண்டு அச்சுகள் செய்துகொள்வதே என் பரிந்துரை.

நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸில் (பார்க்கும் பொருளுக்கு அருகில் உள்ள லென்ஸில்) 0.17 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால், வாய்க்காலின் அடியை 1 மி.மீ. கண்ணாடித் தகட்டில் ஒட்டாமல் 0.17 மி.மீ. கவர் ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடியில் ஒட்டுங்கள்; உயர் உருப்பெருக்கத்தில் தடித்த கண்ணாடி பிம்பத்தைக் கலைத்துவிடும்.