நாய்க்கடியும் ரேபிஸும்: கேள்வி பதில்

தெருநாய் கணுக்காலில் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. அதுவரை என்ன செய்வது?

குழாயைத் திறந்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பலர் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ரேபிஸ் என்ற வெறிநோயை உண்டாக்கும் வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைச் சிதைத்துவிடும். துணி சோப்பானாலும் சரி. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்களாமே?

அது உங்கள் தாத்தா காலத்துக் கதை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதைத் தயாரித்தது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்குக் கை கால் செயலிழந்தது. 2004 இறுதியோடு இந்தியாவில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது புயத்தில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் செலுத்தும் முறை: முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிட்டு 0, 3, 7, 28ஆம் நாட்களில்.

ஊசி போட்ட பிறகு கறி சாப்பிடலாமா?

சாப்பிடலாம்.

கையில் தடுப்பூசி போட்டாயிற்று. காயத்திலும் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். குழந்தை வலியில் துடிக்கிறாள். அவசியமா?

அவசியம். தடுப்பூசி போட்டதும், வைரஸை முடக்கும் எதிர்ப்பொருளை உடல் உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் அது நேரே மூளைக்குத்தான் போகும். அதனால்தான் ரத்தம் வந்த காயத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துகிறார்கள். விரல் நுனிக் கடியாக இருந்தால் சதை குறைவு. மருந்து போகப் போகத் தோல் வெளுத்து விம்மும், வலி உயிரை எடுக்கும். இருந்தும் முகம், கை, விரல் கடிகளில் இதை விடவே கூடாது. அங்கே நரம்புகள் அதிகம். முதல் நாளில் போடாவிட்டால் தடுப்பூசி தொடங்கிய ஏழு நாட்களுக்குள் போடலாம். அதற்குப் பின் பயனில்லை.

எங்கள் ஊர் வைத்தியர் பச்சிலை கொடுத்து நூறு பேரைக் காப்பாற்றியிருக்கிறார். உங்களைப் போன்றவர்கள் இதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்க என்ன இருக்கிறது? கடிக்கும் நாய்கள் எல்லாவற்றுக்கும் வெறி இருப்பதில்லை. வெறிநாய் கடித்தாலும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆக, அந்த நூறு பேரில் பெரும்பாலோர் எதுவும் சாப்பிடாமலேயே பிழைத்திருப்பார்கள். பிழைத்தவர்கள் தேங்காய் பழத்தோடு வைத்தியர் வீட்டுக்கு வருவார்கள். இறந்தவர் வந்து புகார் சொல்ல மாட்டார்.

(அதே வாசகர்) அப்படியானால் உங்கள் தடுப்பூசிக்கும் அதே வாதம் பொருந்துமே?

நல்ல கேள்வி. இதைத்தான் எதிர்பார்த்தேன். 1885இல், ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கிய லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு அதைப் போட்டபோது இந்தச் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. இன்று ஊசி போட்டவர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு என்று அளந்து பார்க்க முடியும். வெறி உறுதியான விலங்கு கடித்தவர்களையும் தனியே தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் வைத்தியரின் மருந்துக்கு இந்த இரண்டையும் செய்து காட்டட்டும். முதல் ஆளாக நானே எழுதுகிறேன். அதுவரை ஊசியைப் போட்டுக்கொண்டு பச்சிலையைப் பற்றிப் பேசுங்கள்.

நோய் முற்றிவிட்டால் சிகிச்சை உண்டா?

நம்பத்தக்க சிகிச்சை இல்லை. 2004இல் அமெரிக்காவின் மில்வாக்கியில், வௌவால் கடித்த ஒரு சிறுமியை ஆழ்மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதே முறையைப் பிறருக்குச் செய்தபோது பெரும்பாலும் தோல்விதான். அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டு எலி கடித்தால்?

ரேபிஸ் பயம் பொதுவாக இல்லை. காயத்தைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

டெங்குவுக்குப் பப்பாளி இலைச் சாறு...

இங்கே நாய்க்கடி மட்டும். டெங்குவுக்கு மருத்துவரைப் பாருங்கள்.

கர்ப்பிணிக்கு ஊசி போடலாமா?

போட வேண்டும்.

ஊசி போட்டால் தலைக்குக் குளிக்கலாமா? கறி...

குளிக்கலாம். கறியும் சாப்பிடலாம் என்று மேலே சொல்லியாயிற்று.

எங்கள் வீட்டு நாய்தான் கடித்தது. பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாமா?

கூடாது. இன்றே போடத் தொடங்குங்கள், நாயையும் கவனியுங்கள். பத்து நாள் கழித்தும் அது நலமாக இருந்தால், மீதி ஊசியை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காயத்தைக் கழுவினீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.