பிக் மானியம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

உயிரித் தொழில்நுட்பத் தொழில்முனைவோருக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக் தரும் 'பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட்' (சுருக்கமாக 'பிக்') பற்றி மட்டும் கேளுங்கள். ஒருமுறை வாங்கியிருக்கிறேன், அதற்கு முன் ஒருமுறை கைவிரித்திருக்கிறார்கள்.

கேள்வி: எவ்வளவு? திருப்பிக் கட்டணுமா?

50 லட்சம் வரை, 18 மாதம். கடனில்லை, கம்பெனியில் பங்கும் கேட்க மாட்டார்கள். ஆனால் சொன்ன வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை.

கேள்வி: மேடம், பயோமெடிக்கல் இறுதியாண்டு. படுக்கைப்புண் வருமுன் எச்சரிக்கும் விரிப்பு செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலேஜ் சிம்போசியத்தில் வைக்கிறேன். அப்புறம் விண்ணப்பிக்கலாமா?

தம்பி, அதற்கு முன்னாடி ப்ரொவிஷனல் பேட்டண்ட், அதாவது தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம், போடு. ஊரறியக் காட்டிவிட்டால் 'புதியது' என்று சொல்ல முடியாது. சட்டத்தில் விலக்கு ரொம்பக் குறைவு. தனிநபருக்கு ஆன்லைனில் 1,600 ரூபாய்தான். முழு விவரம் தர 12 மாதம் இருக்கிறது. நான் போஸ்டர் ஒட்டிவிட்டுக் கோட்டைவிட்டவள். காலேஜ் லேபில் செய்திருந்தால் உரிமை யாருக்கு என்று எழுதி வாங்கிக்கொள்.

இன்னொன்று. நடுராத்திரி உன் விரிப்பு கத்தினால் எழுந்து வரப்போவது யார்? வார்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்? நாலு ராத்திரி அங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுது. எனக்குக் கைவிரித்தது இந்த இடத்தில்தான்.

கேள்வி: நான் அறுவை மருத்துவர். இந்தப் பொறியாளர்கள் மெஷினைச் செய்துவிட்டு நோயைத் தேடுகிறார்கள். பணத்தை எங்களிடம் கொடுக்கலாமே?

பாதி உண்மை, டாக்டர். அதனால்தான் எய்ம்ஸும் ஐஐடி டெல்லியும் சேர்ந்து நடத்திய 'பயோடிசைன்' என்ற மருத்துவக் கருவி உருவாக்கும் பயிற்சியில் பொறியாளர்களை முதலில் வார்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் ஓபி முடித்து நீங்கள் எப்போது சாலிடரிங் பிடிப்பீர்கள்?

டாக்டர்: ஆள் வைத்துக்கொள்வேன். 50 லட்சத்தில் கிளினிக்கல் ட்ரையல் நடக்குமா, அதைச் சொல்லுங்கள்.

நடக்காது. யோசனை வேலை செய்கிறது என்று நிரூபிக்கத்தான் இந்தப் பணம். ஆள் வைப்பதாக இருந்தால் அவருக்கும் கம்பெனியில் பங்கு கொடுங்கள். சம்பள ஆள் பத்தாம் மாதம் வெளிநாடு போய்விடுவார்.

டாக்டர்: அனுபவமா?

ஆமாம். போதுமா?

கேள்வி: எவ்வளவு தருவார்கள்?

மேலே பாருங்கள்.

கேள்வி: கம்பெனி இல்லை. விண்ணப்பிக்கலாமா?

தனிநபராகவே போடலாம். தேர்வானால் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: மூட்டுவலி எண்ணெய், 2 வருடமாக யூடியூபில் செய்முறை போடுகிறேன். பேட்டண்ட்...

மேலே பாருங்கள். பார்த்துவிட்டு வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: மேடம், விரிப்பு தம்பிதான். வியாழக்கிழமை ராத்திரி போட்டால் போதுமா?

புதன்கிழமையே போடு. கடைசி நேரத்தில் சர்வர் படுத்துக்கொள்ளும்.